கச்சிப் போதிகைகளும் இருவகை வரைபடங்களும்

தூணின் பலகைக்கும் உத்திரத்திற்கும் இடையே நின்று சுமை தாங்கும் உறுப்பு போதிகை ஆகும். இவ்வுறுப்பின் வடிவமாற்றத்தைக் கோட்டோவியங்களால் நிரல்படுத்தி, கோயிலின் காலத்தைக் கணிக்கும் நெறியை வகுத்தவர் புதுச்சேரியில் ஆசிரியராய் விளங்கிய ழூவோ துப்ரேய். 1914இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த அவருடைய தென்னிந்தியத் தொல்லியல் நூல், வளைந்த முகப்பில் அலைவரிகளும் நடுவே பட்டையும் கொண்ட தரங்கப் போதிகையைப் பல்லவர்க்கும், சரிவாக வெட்டி நடுவில் முனைப்பு விட்ட வெட்டுப் போதிகையைச் சோழர்க்கும், தொங்கும் மொட்டுடைய பூமொட்டுப் போதிகையை விசயநகரக் காலத்திற்கும் உரியனவாகக் காட்டுகிறது. தம் காலத்துச் சிற்பியரிடம் கேட்டறிந்த கலைச்சொற்களை அவர் படங்களோடு பொருத்தியமை தமிழாய்வாளர் தனித்து நோக்கத்தக்கது.

அவருக்கு ஐந்தாண்டு முன்னரே, 1909இல், அலெக்சாண்டர் ரீ பல்லவர் கட்டடக்கலை பற்றிய தம் நூலை வெளியிட்டார். கயிலாசநாதர், வைகுந்தப் பெருமாள் கோயில்களோடு முத்தீசுவரர், மதங்கீசுவரர், ஐராவதேசுவரர் முதலிய சிறு கோயில்களும் அதில் அளந்து வரையப்பட்டுள்ளன. துப்ரேய் வரைந்தது வகையை; ரீ வரைந்தது குறிப்பிட்டதொரு கட்டடத்தை. இவ்வேறுபாட்டைக் கருதாமல் இரண்டையும் ஒரே தரச் சான்றாக ஆள்வது பிழை என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

காரணம் சுதை. காஞ்சிபுரத்துப் பல்லவர் கோயில்கள் பெரும்பாலும் மணற்கல்லால் ஆனவை, எளிதில் அரிபடுபவை. கயிலாசநாதர் கோயிற் சிற்பங்கள் மீது பிற்காலத்தில் சுண்ணாம்புச் சுதை பலமுறை பூசப்பட்டுள்ளது. தரங்கத்தின் பள்ளங்களைச் சுதை நிரப்பிவிடின் அப்போதிகை வரியற்ற வளைமுகப் போதிகையாகத் தோன்றும். வகைப்படத்தை மட்டும் கையில் வைத்திருப்பவர் அதனை வேறொரு வகையில் சேர்த்துவிடக்கூடும். கூட்டிலும் இவ்விடர் உண்டு: மண்வெட்டித் தலை போன்ற பல்லவர் காலக் கூட்டுமுடி சுதையால் உருமாறின், சோழர் காலச் சிம்மமுக முடியிலிருந்து அதனைப் பிரித்தறிதல் அரிதாகும்.

2021இல் மாநகராட்சியான இந்நகரில் சிறு கோயில்கள் குடியிருப்புகளுக்கும் கடைகளுக்கும் இடையே நிற்கின்றன. தெருமட்டம் உயருமிடத்து அதிட்டானம் மறையும். அங்கு பழைய அளவுப்படமே சான்று. (இதே ஊரில் சேலைக் கரைக்குக் கட்டத்தாளில் வரைவோர் கோபுரத்தைப் படிக்கட்டு முக்கோணமாகச் சுருக்குவர், அதனை எவரும் கோபுரத்தின் அளவுப்படமாகக் கொள்வதில்லை.)

ஆகவே, புதிதாக வரைவோர் கல்லின் விளிம்பை முழுக்கோட்டாலும் சுதையின் விளிம்பைப் புள்ளிக்கோட்டாலும் காட்டி, வரைந்த நாளையும் உறுப்பின் தமிழ்ப்பெயரையும் படத்திலேயே எழுதுதல் வேண்டும். ஒளிப்படம் இப்பணியைச் செய்யாது. அது சுதையையும் கல்லையும் ஒன்றாகவே காட்டும்.