இசைத்தட்டும் ஒலியளவும்

ஊவா மாகாணத்துத் தோட்டக் கோயில்களிலே திருவிழாக் காலங்களில் ஒலிபெருக்கிக் குழல்வழி மலைச்சரிவெங்கும் பரந்த பாடல்கள் நெடுங்காலம் இசைத்தட்டுக்களினின்றே எழுந்தன. தண்டபாணி தேசிகர், கே. பி. சுந்தராம்பாள் ஆகியோர் குரலும், இராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரமும் தட்டுக்களின் வாயிலாகவே கடல்கடந்து வாழ்ந்தோர் பலரை எட்டின. பதுளை, பசறை, பண்டாரவளைப் பக்கங்களில் எஞ்சியுள்ள தட்டுக்களோ ஈரத்தாற் பூஞ்சணம் பற்றி, ஊசி ஓடுந்தோறும் வரி தேய்ந்து வருகின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றிக் காக்க முற்படும் ஆசிரியர் முதற்கண் அறியவேண்டுவது ஒலியளவைப் பொருத்தும் முறையேயாம்.

யாம் ஒருகால் நாகசுரத் தட்டொன்றைப் பதிந்தபோது, தொடக்கத்து மெல்லிய ஆலாபனையை அளவாகக் கொண்டு ஒலியை மிக உயர்த்தி வைத்தோம். தவில் சேர்ந்தவுடன் மானி உச்சியை முட்டிற்று. முழக்கமெல்லாம் கிழிந்த ஓசையாயிற்று. மறுமுறை பதியுமுன் அத்தட்டு உடைந்துபோயிற்று. அப்பிழை எம்முடையதே. அது பிறர்க்கு நேராதிருத்தற்பொருட்டே இதனை வரைகின்றோம்.

கணினி ஒலியலையை ஒரு நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக எழுதுகின்றது. அவ்வெண்களின் மேல்வரம்பே சுழிய டெசிபெல் எனப்படும். அதற்கு மேலெழும் ஒலியை எழுத எண் இல்லை. ஆதலின் அலையின் தலை வெட்டுண்டு தட்டையாகின்றது. வெட்டுண்டதை உள்ளவாறே மீட்டல் இயலாது. கொழுந்தைக் கூடையில் அமுக்கித் திணிப்பின் நசுங்கி வெதும்பிக் கெடுமன்றோ? இதுவும் அத்தன்மைத்தே.

அங்ஙனமாயின், தாழ்த்திப் பதிதலால் இழப்புண்டோ எனின், 24 பிட் முறையில் ஏறக்குறைய இல்லை என்க. ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபெல் வீதம் 16 பிட் முறை 96 டெசிபெல் வீச்சையும், 24 பிட் முறை கணக்களவில் 144 டெசிபெல் வீச்சையும் கொள்ளும். நல்ல வினைல் தட்டின் வீச்சோ 70 டெசிபெல் அளவினதே. ஒலி ஆவணக் காப்பகங்களின் அனைத்துலகச் சங்கமும் நொடிக்கு 48,000 அளவீடுகளுக்கும் 24 பிட்டுக்கும் குறையாது பதிக எனப் பரிந்துரைக்கின்றது.

செய்யும் முறை வருமாறு:

முதலாவது, தட்டையும் ஊசியையும் தூய்மை செய்க. 78 சுற்று அரக்குத் தட்டுக்கு அகன்ற ஊசி வேண்டும். 1948 இல் வந்த வினைல் நெடுந்தட்டின் ஊசி அதற்குப் பொருந்தாது.

இரண்டாவது, சுழலியை முன்பெருக்கியின் வழியே கணினியின் வரி உள்ளீட்டில் இணைக்க. ஒலிவாங்கிக்குரிய துளையில் இணைத்தல் தகாது. ஒலியளவைத் தானே கூட்டிக் குறைக்கும் தன்னியக்க வசதியை நிறுத்துக.

மூன்றாவது, தட்டில் மிக உரத்த பகுதியைத் தேடி, அதனை மட்டும் ஒருமுறை ஓடவிட்டு, உச்சம் சுழியத்திற்குக் கீழே 12 முதல் 6 டெசிபெல் வரை நிற்குமாறு உள்ளீட்டுக் குமிழைத் திருப்புக. கீறலாலெழும் தனி வெடிப்பொலி வரம்பைத் தொடினும் அஞ்சவேண்டா. பாட்டு அதனைத் தொடலாகாது.

நான்காவது, ஒரு பக்கம் முடியுங்காறும் குமிழைத் தொடாதிருக்க. தொட்டால் பாடகர் உயர்த்திய இடமும் தாழ்த்திய இடமும் மயங்கிவிடும்.

ஈண்டு ஒன்று குறிக்கத்தக்கது. மானி சுழியத்தைத் தொடாதிருந்தும் அலையின் தலை தட்டையாகத் தோன்றின், பிழை கணினிக்கு முன்னரே முன்பெருக்கியிலோ உள்ளீட்டிலோ நேர்ந்ததாகும். மென்பொருளில் ஒலியைத் தாழ்த்துவதால் அது நீங்காது. முன்னுள்ள கருவியிலேயே குறைத்தல் வேண்டும்.

பதிந்து முடிந்த மூலக்கோப்பைத் திருத்தாது இரண்டு இடங்களிற் காத்து, வகுப்பிற்கு வேண்டியதைப் படியொன்றில் உயர்த்திக் கொள்க. குறைந்த ஒலியைப் பின்னர் எவரும் கூட்டலாம். வெட்டுண்ட ஒலியை எவராலும் ஒட்டுதல் ஒல்லாது. ஓதுவார் இல்லாத தோட்டத்துச் சிறுவர்க்குப் பண்ணின் உருவைக் காட்டுவது அவ்வொலியே ஆகலாம். ஆதலின் ஆசிரியப் பெருமக்கள் ஊசியை வைக்குமுன் குமிழை நோக்குவாராக.