பண்பலை வானொலியில் முதல் விண்மீன்கள்

மாணவர்களே! வல்லத்திராக்கோட்டையில் இன்று மாலை ஒரு பண்பலை வானொலியைத் திருப்பிப் பாருங்கள். இரு நிலையங்களுக்கு நடுவே 'உஸ்' என்று இரைச்சல் கேட்கும். அதில் ஒரு பகுதி நம் பால்வெளி மண்டலத்திலிருந்து வருவது. அதைவிட மிகப் பழமையான செய்தி ஒன்றும் அதற்குள் புதைந்திருக்க வேண்டும் என்கின்றனர் வானியலார்.

அது எப்படி? ஹைட்ரஜன் அணு 21 செ.மீ. நீளமுள்ள ரேடியோ அலையை உமிழவும் உட்கவரவும் வல்லது. பேரண்டம் தோன்றிச் சுமார் 30 கோடி ஆண்டுகளானபோது, எங்கும் ஹைட்ரஜன் வாயு நிறைந்திருந்தது. முதல் விண்மீன்களின் ஒளி அவ்வாயுவைப் பாதித்தது. அந்தத் தடயம் 21 செ.மீ. அலையில் பதிந்தது. பேரண்டம் விரிய விரிய, அலையும் கூடவே நீண்டது. 14 மடங்கு நீண்டால் ஏறக்குறைய 3 மீட்டர். அதாவது 100 மெகாஹெர்ட்ஸ். நம் பண்பலை நிலையங்கள் இருப்பது 88 முதல் 108 வரை அல்லவா? சரியாக அங்கேதான்!

உதகமண்டலத்தில் 1970இல் அமைந்த 530 மீட்டர் நீளத் தொலைநோக்கி 92 செ.மீ. அலைகளுக்கானது, அவ்வளவு பழங்காலத்தை அது எட்டாது.

2018இல், மேற்கு ஆஸ்திரேலியாவில் கருவி வைத்திருந்த அமெரிக்கக் குழு ஒன்று 78 மெகாஹெர்ட்ஸில் அத்தடயத்தைக் கண்டதாக அறிவித்தது. இதைச் சோதிக்க முனைந்த பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தார், 'சாரஸ்' என்னும் தங்கள் கருவியை எங்கே வைத்தனர் தெரியுமா? 2020இல் கர்நாடகத்து நீர்நிலைகளில் மிதக்கவிட்டனர்! தரைக்கு அடியில் மண், பாறை, ஈரம் என்று பல அடுக்குகள். ஒவ்வொன்றும் அலையைத் திருப்பியனுப்பிக் கணக்கைக் கெடுக்கும். ஆழமான நீரில் அந்தத் தொல்லை இல்லை. (கோடையில் வற்றிவிடும் நம் கண்மாய்கள் இதற்கு உதவா.) 2022இல் முடிவு வெளிவந்தது: அமெரிக்கர் சொன்ன தடயம் சாரஸுக்குத் தென்படவில்லை. மறுப்பது எளிய வேலை என்று எண்ணிவிடாதீர்கள். தேடும் குறிப்பு, பால்வெளியின் இரைச்சலைவிடப் பல்லாயிரம் மடங்கு மெலிந்தது.

ஆக, கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் 1,31,072 ஆன்டெனாக்கள் கொண்ட தொலைநோக்கி கட்டப்பட்டு வருகிறது. இந்தியாவும் அதில் பங்காளி. ஒவ்வொரு ஆன்டெனாவும் ஆள் உயரத்துக்குச் சற்று அதிகம், கிறிஸ்துமஸ் மரம் போன்ற உருவம். சாரஸ் வானத்தின் சராசரியை மட்டுமே அளந்தது. இதுவோ, ஆதி விண்மீன் கூட்டங்களைச் சுற்றி ஹைட்ரஜனில் விழுந்த பொத்தல்களைப் படமாகவே வரைய முயலும்.

இராமன் நிலையத்தார் இன்னொரு திட்டமும் வகுத்துள்ளனர்: நிலவைச் சுற்றிவரும் 'பிரதூஷ்'. நிலவின் மறுபக்கத்துக்கு மேல் அது செல்லும்போது பூமியின் எந்த வானொலி நிலையமும் அதற்குக் கேட்காது. நிலவே குறுக்கே நின்று மறைத்துவிடும்.