குருளைச் சாரணர் கூட்டம் இயங்கும் முறை

குருளை என்னுஞ் சொல்லை இக்கால மாணவர் பெரும்பாலும் சாரணர் இயக்கத்தின் வாயிலாகவே கேட்கின்றனர். ஆயின் அது மிகப் பழஞ்சொல். தொல்காப்பியத்து மரபியல், உயிர்களின் இளமைப் பெயர்களைத் தொகுத்துரைக்குமிடத்து, நாய், பன்றி, புலி, முயல் என்னும் நான்கன் இளமைக்கும் குருளை என்ற பெயரை வழங்கி, நரிக்கும் அது பொருந்தும் என்று இசைவு தருகின்றது. ஓநாய்க்குட்டி என்னும் பொருளுடைய ஆங்கிலப் பெயருக்கு இச்சொல்லைத் தேர்ந்தவர் யாராயினும் அவர் மரபறிந்தவரே. சாரணர் என்பதும் அத்தகையதே. சிலப்பதிகாரத்தில் அது சமண முனிவருள் ஒரு சாராரைக் குறிக்கும். இயங்குவோர், ஓரிடத்து நில்லாது திரிவோர் என்பது அதன் அடிப்பொருள். எட்டு வயதுப் பையனுக்கு இதனினும் ஏற்ற பெயர் உண்டோ?

இயக்கத்தின் தோற்றத்தை நம் கல்லூரிச் சாரணர் படையில் இருந்தோர் நன்கறிவர். ஆதலின் சுருங்கச் சொல்லி அப்பாற் செல்வேன். 1899-1900இல் தென்னாபிரிக்காவின் மஃபெக்கிங் நகர் 217 நாள் முற்றுகையிடப்பட்டபோது, செய்தி கொண்டு செல்லும் பணியைச் சிறுவரிடம் ஒப்படைத்தால் அவர்கள் பொறுப்புடன் ஆற்றுவர் என்பதைப் பேடன் பவல் கண்ணாரக் கண்டார். 1907இல் பிரவுன்சித் தீவில் இருபது சிறுவரைக் கொண்டு பாசறை நடத்தினார். 1912இல் மாத்தளைக் கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ் தொடங்கிய படையே இலங்கையின் முதற் படை. மலைநாட்டு மண்ணிலேயே இவ்வியக்கம் இந்நாட்டில் வேரூன்றியது என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். அண்ணன்மார் சாரணராய்த் திரிவதைக் கண்ட தம்பிமார் தமக்கும் இடங் கேட்டதன் பயனாக, 1916இல் குருளையர் பிரிவு தனியே எழுந்தது.

இனி, கூட்டம் இயங்கும் முறையைக் காண்போம். ஏறத்தாழ ஏழு வயது முதல் பதினொரு வயது வரையுள்ள சிறுவர் இதிற் சேர்வர். அறுவர் கொண்டது ஓரணி. அவ்வணிக்கு அவர்களுள் ஒருவனே தலைவன், மற்றொருவன் துணைத்தலைவன். நான்கு அணிகள் சேர்ந்தால் இருபத்து நால்வர். ஓர் ஆசிரியர் முகம் பார்த்துப் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய தொகை அவ்வளவே. வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளை ஒருங்கே நோக்கிப் பழகிய எனக்கு, இந்த அறுவர் முறையின் அருமை விளங்கச் சில மாதங்கள் சென்றன. தலைவனாகிய பையன் தன் அணியில் எவன் வரவில்லை, ஏன் வரவில்லை என்பதைத் தானே அறிந்து வந்து சொல்வான். லயத்தில் அடுத்த காம்பராவில் இருப்பவன் அறிவதை ஆசிரியர் இடாப்பைப் பார்த்து அறிய முடியாது.

கூட்டம் வட்டமாய் நின்றே தொடங்கும். பெரியவர் நடுவில் வந்ததும், சிறுவர் குந்தி, கைவிரல்கள் நிலத்திற் படிய அமர்ந்து, ஒரே குரலில் ஊளையிட்டு வரவேற்பர்; பின்னர் எழுந்து, இயன்றவரை முயல்வோம் என்று உறுதி கூறுவர். இதனை முதன்முறை கண்ட பெற்றோர் நகைத்தனர். யானும் உள்ளூர நகைத்தவனே. ஆயினும் வாரம் முழுதும் சத்தம் போடாதே என்ற சொல்லையே கேட்கும் பிள்ளைக்கு, சத்தமிடுவதற்கென்றே ஒரு கணம் ஒதுக்கி, அதன் பின் அமைதியைக் கேட்டுப் பெறுவது நல்ல உளநூல் அன்றோ?

கூட்டத் தலைவரை அகேலா என்றழைப்பர். இப்பெயரும் பாலூ, பகீரா என்னும் பெயர்களும் 1894இல் வெளிவந்த கிப்ளிங்கின் வனக்கதை நூலிலிருந்து வந்தவை. அகேலா என்றால் இந்தியில் தனித்தவன், பாலூ கரடி. கதை நிகழும் சியோனிக் குன்றுகள் இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ளன. ஆகவே இதனை அயல்நாட்டுக் கதை என்று ஒதுக்குவது பொருந்தாது. எம் பிள்ளைகளுக்கு ஓநாயைத் தெரியாது, சிறுத்தையைத் தெரியும். தேயிலை மலையில் அதன் அடித்தடம் கண்டு, அன்றைய கொழுந்து பறிப்பை வேறு மலைக்கு மாற்றிய கதையைத் தாய்மார் வாயிலாகக் கேட்டவர்கள். பகீராவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் பாதிக் கதையை அவர்களே சொல்லிவிடுவர்.

பயிற்சிகளுள் எனக்கு மிக விருப்பமானது நினைவு விளையாட்டு. ஒரு தட்டில் இருபதுக்கு மேற்பட்ட பொருள்களைப் பரப்பி, ஒரு நிமிடம் காட்டித் துணியால் மூடிவிட வேண்டும். சிறுவர் கண்டவற்றைச் சொல்ல வேண்டும். நூல்களிற் கூறிய பொருள்களைத் தேடி அலையாமல் யான் இரண்டு இலையும் ஒரு மொட்டும், தேயிலைக் காய், கவ்வாத்துக் கத்தி, பழைய பஸ் டிக்கட், சவ்வரிசி என்று கையிற் கிடைத்தவற்றையே வைப்பேன். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறும் ஒருவன் பதினெட்டுப் பொருளைச் சொன்னான். வகுப்பில் முதலாவதாய் வருபவன் பதினொன்று சொன்னான். அன்றிலிருந்து அவ்விருவரையும் யான் வேறு கண்ணாற் பார்க்கின்றேன்.

நோட்டன் பிரிட்ஜில் இப்பயிற்சி நடத்துவோர் நீரைப் பற்றிய பாடத்தை முதற்பாடமாகக் கொள்ளல் வேண்டும். கெஹெல்கமு ஓயாவை மறித்து இங்கு அணை நிற்கின்றது. காசல்ரீயிலிருந்து சுரங்கவழி வரும் நீர் 1965இல் தொடங்கிய விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுழற்றி இந்நீர்த்தேக்கத்திற் சேர்கின்றது. இங்கிருந்து 1950இல் தொடங்கிய பழைய லக்சபான நிலையத்துக்குச் செல்கின்றது. 1918இலேயே இந்நீர்வலியைப் பயன்கொள்ளலாம் என எடுத்துரைத்த பொறியியலாளர் விமலசுரேந்திராவின் வரலாற்றை அணையருகே நின்று சொன்னாற் பிள்ளைகள் மறவார். ஆனால் கம்பிவேலிக்கு இப்பால் நின்றே சொல்ல வேண்டும். மேலே மழை பெய்தால் இங்கு வெயிலடிக்கும்போதே ஓடை பெருகிவிடும். ஆகவே உலாச் செல்லும் நாளில் ஓடையைக் கடக்கும் முன்னும் கடந்த பின்னும் ஒவ்வோர் அணித்தலைவனும் தன் அறுவரை எண்ணி உரக்கச் சொல்லல் வேண்டும். இதில் மாத்திரம் யான் விளையாட்டுக்கு இடங்கொடுப்பதில்லை. அட்டைக் கடிக்குச் சவர்க்காரத் துண்டு ஒன்றைத் துணியில் முடிந்து கொண்டு போவது இவ்வூர்ப் பிள்ளைகள் எனக்குக் கற்பித்தது.

சீருடை பற்றி ஒரு சொல். தொடக்கத்தில் யான் அதில் மிகக் கண்டிப்பாயிருந்தேன். ஒரு சனிக்கிழமை சாதாரணச் சட்டையுடன் வந்த ஒருவனை வட்டத்துக்கு வெளியே நிறுத்தினேன். "சட்டை காயல சார்" என்றான். ஆடி மாதத்து மழை. லயத்தில் அடுப்புக்கு மேல் தொங்கினாலன்றித் துணி உலராது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் நிறுத்தினேன். அடுத்த மூன்று வாரமும் அவன் வரவில்லை. அவனுடைய அணித்தலைவன், பத்து வயதுப் பையன், என்னிடம் வந்து, "அவன் வராட்டி எங்க அணி ஐஞ்சு பேர்தான் சார்" என்றான். அன்று மாலை இருவருமாய் அவன் வீட்டுக்குப் போனோம். தாயார் தேநீர் தந்தார். சட்டையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இப்போது கழுத்துத்துணி ஒன்றே எமது கூட்டத்தின் கட்டாயச் சீருடை. அது பாடசாலை அலுமாரியிலேயே இருக்கும். கூட்டந் தொடங்குமுன் அணிந்து, முடிந்ததும் மடித்து வைத்துச் செல்வர். காயக்கட்டுக்கும் அதுவே உதவும்.

இன்னும் தீராத இடர் ஒன்றுண்டு. பதினொரு வயதானதும் குருளையன் பெரிய சாரணர் படைக்கு ஏற வேண்டும். ஏறுவதற்கு அருகில் படை இருத்தல் வேண்டும். தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் அது இல்லை. அட்டன் வரை ஒவ்வொரு வாரமும் பஸ் கட்டணம் கொடுத்தனுப்பப் பெற்றோரால் இயலாது. ஆகவே அணித்தலைவனாய்த் தேர்ந்த பையன், பயிற்சி முற்றிய அந்த வேளையிலேயே எம் கையைவிட்டுப் போகின்றான். சென்ற ஆண்டு அவ்வாறு போன நால்வருள் இருவர் இன்றும் சனிக்கிழமைகளில் வந்து வேலியருகே நிற்கின்றனர். அவர்களை உள்ளே அழைத்துச் சிறியோருக்கு முடிச்சுப் போடக் கற்பிக்கும்படி சொல்லியிருக்கின்றேன். ஆனால் அவர்களுக்குத் தெரிந்த முடிச்சுகள் யான் கற்பித்த நான்கே. நம் கல்லூரிப் படையிற் கூடாரமடித்துப் பாலங்கட்டிய பழைய மாணவர் எவரேனும் இப்பக்கம் இருப்பாராயின், மாதத்தில் ஒரு சனிக்கிழமை போதும். கூட்டம் காலை ஒன்பது மணிக்கு; கயிறு எம்மிடம் உண்டு.