அலுவலக அச்சுப்பணியில் சிக்கனமும் செம்மையும்

முன்னுரை

1578ஆம் ஆண்டு கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறிய நாள்முதல் தமிழ் எழுத்து அச்சோடு உறவு கொண்டுள்ளது. அன்று அச்சு என்பது அச்சகத்திற்கு மட்டுமே உரியது. 1984இல் வெளிவந்த எச்.பி. லேசர்ஜெட் போன்ற பொறிகளால் அது எழுத்தரின் மேசைக்கு வந்து சேர்ந்தது. வசதி பெருகியது, ஒழுங்கு குறைந்தது. பிரிவுக்கொரு பொறி, பொறிக்கொரு கார்ட்ரிட்ஜ் என்னும் நிலை இன்று பல அலுவலகங்களில் காணப்படுகிறது. அவற்றை ஒழுங்குபடுத்தும் முறையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பன்மை தோன்றும் விதம்

ஒவ்வாத பொறிகளை எவரும் திட்டமிட்டு வாங்குவதில்லை. ஓராண்டு கணக்குப் பிரிவு ஒன்று வாங்கும்; மறு ஆண்டு விலை மலிவு கண்டு பண்டகப் பிரிவு வேறொன்று வாங்கும். மேலாளர் அறைக்கு வண்ணப் பொறி ஒன்று வரும். ஒவ்வொரு முடிவும் தனித்தனியே பொருத்தமானதே. ஒன்றுசேரும்போதுதான் குறை வெளிப்படுகிறது. ஒன்றின் கார்ட்ரிட்ஜ் மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஒன்றின் டிரைவர் மென்பொருள் மற்றொன்றை இயக்காது. பொறி பழுதானால் அதற்கென வாங்கி வைத்த கார்ட்ரிட்ஜ் அலமாரியிலேயே வீணாகும்.

கணக்கிட்டு அறிதல்

ஆம்பூரில் தோல் ஏற்றுமதி அலுவலகம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். எண்கள் விளக்கத்திற்காக அமைத்துக்கொண்டவை. அங்கே ஐந்து வேறு வகை லேசர் பொறிகள், மூன்று வேறு வகை இங்க்ஜெட் பொறிகள், ஒரு டாட் மேட்ரிக்ஸ் பொறி ஆக ஒன்பது உள்ளன. லேசருக்கு ஐந்து வகை, இங்க்ஜெட் ஒவ்வொன்றுக்கும் கறுப்பும் வண்ணமுமாக ஆறு வகை, ரிப்பன் ஒரு வகை எனப் பன்னிரண்டு வகைப் பொருள்களை இருப்பு வைக்க வேண்டும்.

லேசர் பொறிகள் ஐந்தும் சேர்ந்து மாதம் 6,000 பக்கங்கள் அச்சிடுகின்றன எனில், 25 வேலை நாள்களுக்கு நாளொன்றுக்கு 240 பக்கங்கள் ஆகும். நிமிடத்திற்கு 30 பக்கம் அச்சிடும் பொறி ஒன்று இவ்வேலையை எட்டே நிமிடங்களில் முடித்துவிடும்! எஞ்சிய நேரமெல்லாம் ஐந்து பொறிகளும் மின்சாரத்தை உண்டு உறங்குகின்றன என்பது வெளிப்படை.

அடுத்து, பொறியின் விலையை மட்டும் நோக்காது பக்கத்தின் விலையை நோக்க வேண்டும். 3,000 ரூபாய் கார்ட்ரிட்ஜ் 1,500 பக்கம் அச்சிட்டால் பக்கத்திற்கு 2 ரூபாய் ஆகும். 6,000 ரூபாய் கார்ட்ரிட்ஜ் 10,000 பக்கம் அச்சிட்டால் 60 காசுதான். 6,000 பக்கங்களுக்கு வேறுபாடு மாதம் 8,400 ரூபாய். மலிவான பொறி விலைமிக்க பொறியாக மாறும் விந்தை இதுவே. கறுப்பு டோனரின் பக்க அளவை மதிப்பிட ஐ.எஸ்.ஓ. 19752 என்னும் பன்னாட்டுத் தரம் உள்ளது. வாங்குமுன் அத்தரப்படியான அளவுகளையே ஒப்பிட வேண்டும். வள்ளுவர் 'தெரிந்து செயல்வகை' என ஓர் அதிகாரமே வகுத்தது இத்தகைய ஆராய்ச்சியை வலியுறுத்தவே அன்றோ?

எதனை வைப்பது? எதனை நீக்குவது?

குறைத்தல் என்றவுடன் ஒன்றே ஒன்றாக்கிவிடல் கூடாது. அந்த ஒன்று பழுதானால் அலுவலகமே நின்றுவிடும். கப்பலேறும் சரக்கிற்கான ஆவணம் ஒருநாள் தாமதித்தாலும் இழப்பு நேரும். ஆதலின் ஒரே வகையைச் சார்ந்த லேசர் பொறிகள் இரண்டு வேண்டும். ஒன்று நின்றால் மற்றொன்று தாங்கும். இரண்டுக்கும் ஒரே டோனர் போதும்.

டாட் மேட்ரிக்ஸ் பழையது என ஒதுக்கிவிடவும் கூடாது. அது ஊசிகளால் ரிப்பனைத் தட்டி அச்சிடுவது. கார்பன் படிகளோடு கூடிய ரசீதை ஒரே தட்டில் அச்சிட அதனாலன்றி லேசரால் இயலாது. வண்ணப் பணிக்கு ஒரு பொறி போதும். எப்போதோ ஒருமுறை இயக்கும் இங்க்ஜெட்டில் மை உலர்ந்து துளை அடைபடும். மூன்றிடத்துப் பணி ஓரிடத்தில் சேரும்போது அக்குறையும் தணியும். இவ்வாறு ஒன்பது நான்காகும். டோனர் ஒன்று, வண்ண மை நான்கு, ரிப்பன் ஒன்று எனப் பன்னிரண்டு வகை ஆறாகும்.

இருபுறமும் அச்சிடும் வசதியையும் நாட வேண்டும். 6,000 பக்கங்களில் பாதியை அவ்வாறு அச்சிட்டால் 500 தாள் கட்டுகள் பன்னிரண்டுக்குப் பதில் ஒன்பதே செலவாகும்.

தமிழ் ஆவணங்களின் நிலை

தமிழில் பணிபுரியும் அலுவலகம் மேலும் ஒன்றைக் கருத வேண்டும். பழைய கோப்புகள் பல வேறுவேறு எழுத்துருக் குறியீடுகளில் உள்ளன. உரிய எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அவை பொருளற்ற குறிகளாகவே தோன்றும். எனவே பழைய பொறியையும் அதனோடிணைந்த கணிப்பொறியையும் அகற்றுமுன், அக்கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிப் பிழைதிருத்தி, எழுத்துரு உட்பொதிந்த பி.டி.எஃப். வடிவிலும் சேமித்தல் நலம். தமிழக அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். பொறிகளின் பன்மையை நீக்குவோர் எழுத்துருவின் பன்மையை விட்டுவைத்தால் பணி பாதியே முடிந்ததாகும்.

மனிதரும் அமானிதமும்

பொறியை நகர்த்துவது எளிது. வழக்கத்தை நகர்த்துவது அரிது. தம் மேசைப் பொறியை இழக்கும் எழுத்தர், தம் மதிப்பே குறைந்ததாக எண்ணக்கூடும். முழங்கால் வலியுள்ள மூத்த ஊழியருக்குக் கூடத்தின் கோடி தொலைவேயாகும். ஆகவே முடிவெடுக்குமுன் மஷூரா செய்தல் வேண்டும். பொறியின் இருப்பிடத்தை நடந்து பார்த்தே தீர்மானித்தல் வேண்டும்.

பொதுப் பொறியின் தட்டில் ஊதியப் பட்டியலோ வினாத்தாளோ அனைவர் கண்ணிலும் படக் கிடத்தல் கூடாது. அனுப்பியவர் நேரில் வந்து இரகசிய எண்ணை இட்ட பின்னரே அச்சாகும் வசதி பல பொறிகளில் உண்டு. அதனைப் பயன்படுத்த வேண்டும். பிறர் செய்தியும் பொதுப்பணமும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களே. வீண்விரயத்தை இஸ்லாம் கண்டிப்பதை நாம் உணவிலும் நீரிலும் நினைக்கிறோம். தாளிலும் மையிலும் மறந்துவிடுகிறோம்.

நீக்கிய பொறிகளைக் குப்பையில் எறிதலும் தகாது. நல்ல நிலையிலுள்ளவற்றைத் தேவைப்படும் பள்ளிகளுக்கு, கிடைக்கத்தக்க கார்ட்ரிட்ஜ் வகைதானா என அறிந்து வழங்கலாம். பழுதானவற்றைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே சேர்க்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின் பட்டியலில் அச்சுப்பொறியும் கார்ட்ரிட்ஜும் அடங்கும்.

முடிவுரை

எண்ணுதல், ஒப்பிடுதல், கலந்து பேசுதல், பின்னர் குறைத்தல் என்பதே முறை. எண்ணாமல் குறைப்பது சிக்கனம் ஆகாது. கலந்து பேசாமல் குறைப்பது நிர்வாகம் ஆகாது. நாளை அலுவலகங்களில் பொறுப்பேற்கவிருக்கும் மாணவச் செல்வங்கள், புதிய பொறி ஒன்றுக்குக் கையொப்பமிடுமுன், இருக்கும் பொறிகளின் பக்கக் கணக்கை ஒரு மாதம் குறித்துப் பார்ப்பார்களாக! தேவை எது, ஆசை எது என்பதை அக்கணக்கே உணர்த்திவிடும்.