கடைக் கணினிக்கு டெபியன்

நமது வியாபார சகோதரர்களின் கடைகளில், கல்லாவுக்குப் பின்னே பழைய கணினி ஒன்று இருக்கக் காணலாம். கடன் பற்றும் சரக்கிருப்பும் கொள்முதல் சிட்டையும் அதற்குள்ளேதான். அது விண்டோஸ் 10இல் ஓடுவதாயின், அதற்குரிய பொதுப் பராமரிப்பு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ ஏற்கும் வசதி பழைய கணினிகள் பலவற்றுக்கு இல்லை. "முதலாளி, புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்" என்கிறார்கள் கடைப் பையன்கள். வாங்குமுன் டெபியனைப் பற்றி அறிந்துகொள்வது நலம்.

கணினியை நடத்தும் அடிப்படை மென்பொருளை இயக்குதளம் என்பர். இயன் மர்டாக் என்ற அமெரிக்க மாணவர் 1993 ஆகஸ்டில் தொடங்கிய இயக்குதளமே டெபியன். அதன் உட்கருவான லினக்ஸை 1991இல் பின்லாந்தில் வெளியிட்டவர் லினஸ் டோர்வால்ட்ஸ். இதற்கு விலையில்லை என்பது மட்டுமன்று. உள்ளே எழுதியிருப்பதை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கலாம். குறைகளை மறைக்கமாட்டோம் என்று 1997இல் வெளியிட்ட சமூக உடன்படிக்கையில் டெபியன் குழுவினர் உறுதி கூறியிருக்கின்றனர். சரக்கின் பழுதைச் சொல்லி விற்கும் வியாபாரிக்கு இதன் அருமை விளங்கும்.

முதற்காரியமாகக் கணக்குகளை வேறொரு தட்டில் பிரதி எடுத்து, அவை மற்றொரு கணினியில் திறக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இதில் அவசரம் ஆகாது. முழுத் தட்டையும் டெபியனுக்கு ஒப்படைத்து நிறுவினால் பழையவை யாவும் அழிந்துபோம். பிறகு 8 ஜிபி பென் டிரைவில் டெபியனின் 'லைவ்' பதிப்பை ஏற்றி, கணினி எழும்போது எஃப்12 போன்ற விசையை அழுத்தி அதிலிருந்தே இயக்கலாம். தட்டில் எதையும் மாற்றாமல் சோதித்துப் பார்க்க இதுவே வழி. பழைய இயந்திரத்துக்கு எக்ஸ்எஃப்சிஇ என்னும் இலேசான முகப்பு ஏற்றது. 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பை 32 பிட் கணினியில் நிறுவ இயலாது. பார்கோடு வாசிக்கும் கருவி பெரும்பாலும் விசைப்பலகை போலவே வேலை செய்வதால் தொல்லை தராது. ரசீது அச்சு இயந்திரத்தைத்தான் நன்கு சோதிக்க வேண்டும். விண்டோஸில் மட்டுமே ஓடும் கல்லா மென்பொருளை நம்பியிருப்போர், மாற்று கிடைக்கும்வரை அக்கணினியில் கைவைக்காதிருப்பதே புத்தி.

இனி, பெற்றுக்கொண்ட நாம் திருப்பிக் கொடுப்பது எவ்வாறு? நிரல் எழுதத் தெரியாதவனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்பர். பிழை எங்கே இருக்கிறதென்று முதலில் காண்பவர் உபயோகிப்பவரே அல்லவா! 'ரிப்போர்ட்பக்' என்னும் கருவி மூலம் எழுதினால் அது மின்னஞ்சலாகப் போய்ச் சேர்ந்து, நம் புகாருக்கு ஓர் எண் கிடைக்கும். எளிய ஆங்கிலம் போதும். ஆனால் 'அச்சு சரியில்லை' என்று மொட்டையாக எழுதினால் பயனில்லை. இன்ன இயந்திரம், இன்ன பதிப்பு, 'கொத்தமல்லி' என்று தட்டினேன், கொம்பு தனியே விழுந்தது என்று, படிப்பவர் தம் இடத்தில் அதே பிழையை வரவழைத்துப் பார்க்கத்தக்கதாய் எழுத வேண்டும். அப்புகாரையும் நமது மின்னஞ்சல் முகவரியையும் உலகம் முழுவதும் பார்க்கலாம். ஆகையால் கடன்காரர் பெயருள்ள பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பிவிடாதீர்கள்.

தமிழாக்கத்திலும் நமக்கு இடமுண்டு. டெபியனில் உபயோகிக்கும் லிப்ரேஆபிஸுக்குத் தமிழ் முகப்பு இருக்கிறது. அதன் சொற்களுக்குத் திருத்தம் சொல்ல எவரும் முன்வரலாம். கையிலுள்ளது இருப்பு, வரவேண்டியது நிலுவை என்ற வேறுபாடு பேரேடு எழுதிய கைக்கு நன்றாய்த் தெரியும். கடையடைத்தபின் படித்த பிள்ளை ஒருவன் ஆங்கிலத்தை வாசிக்க, அதற்குரிய சொல்லை நாம் எடுத்துக் கொடுக்கலாம்.