திரையில் தெரிவதெல்லாம் மீன் இல்லை

நம் ஊரான வேங்கிக்காலுக்குப் பக்கத்துக் கடல் என்றால் அது புதுச்சேரிக் கடல்தான். நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஆனாலும் ‘மீன் காட்டும் கருவி’ என்ற பேச்சு இங்கேயும் வந்துவிட்டது. ஏரியில் தூண்டில் போடுகிறவர்கூட, கைபேசியில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, ஆன்லைனில் ஒன்று வாங்கிப் போட்டால் என்ன என்று யோசிக்கிறார். கடற்கரையிலோ ஃபைபர் படகு வைத்திருக்கும் பலருக்கு இது பல வருடப் பழக்கம். அங்கே இதற்கு ‘எக்கோ’ என்று பெயர். கரை, ஏரி இரண்டு இடத்திலும் உலவும் நம்பிக்கைகளில் சிலவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

“திரையில் மீன் படம் வருதே, அப்புறம் வலையில ஏன் ஒண்ணும் விழல?” அந்தக் கருவி மீனைப் பார்ப்பதே இல்லை. படகின் அடியிலிருந்து ஒலியைக் கீழே அனுப்பி, மோதித் திரும்புவதைக் கேட்கிறது, அவ்வளவுதான். கடல்நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். 15 மீட்டர் ஆழத்தில் தரையைத் தொட்டுத் திரும்ப விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குதான் ஆகிறது. அந்த நேரத்தை ஆழமாக மாற்றித் திரையில் புள்ளி வைக்கிறது. நடுவில் எது எதிரொலித்தாலும் புள்ளி விழும்: மீன், நுரைக்குமிழி, மிதவை உயிரிகளின் படலம், முன்னால் போன படகு கலக்கிவிட்ட நீர். மலிவான கருவிகளில் ‘மீன் குறி’ என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. இந்தப் புள்ளிகளில் தனக்குப் பிடித்ததையெல்லாம் அழகான மீன் பொம்மையாக வரைந்துவிடும். வாங்கிய அன்றே அதை அணைத்துவிடுவது நல்லது.

இன்னொன்று, மீனின் சதை அவ்வளவாக எதிரொலிப்பதில்லை. எதிரொலியின் பெரும்பங்கு வருவது மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையிலிருந்து. சுறாவுக்கும் திருக்கைக்கும் கணவாய்க்கும் அந்தப் பை கிடையாது. ஆகவே ஆள் உயரத் திருக்கை மங்கலாக ஒரு கோடு போட்டுப் போய்விடும்; சாளைக் கூட்டமோ திரையை அடைத்துக்கொண்டு நிற்கும். திரையில் பெரிதாகத் தெரிவது பெரிய மீன் என்று கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான்.

“முன்னால போற கூட்டத்தைக் காட்டும்.” சிறு படகுகளில் பொருத்தும் சாதாரணக் கருவி காட்டாது. படகுக்கு நேர் கீழே உள்ளதை மட்டும்தான் காட்டும். திரையின் வலது ஓரம்தான் இந்த நொடி. இடப்பக்கம் நகர்வதெல்லாம் நாம் கடந்துவந்த இடம். படகு ஓடும்போது ஒரு மீன் ஒலிக்கூம்புக்குள் நுழைந்து வெளியேறினால் வில் போல் வளைந்த கோடு விழும். நங்கூரம் போட்டு நின்றால், அடியில் அசையாமல் நிற்கும் ஒரே மீன் திரை முழுக்க நீளமான கோடாகப் போகும். அதைக் கூட்டம் என்று நினைத்து வலையை இறக்குவார்கள்.

அந்தக் கூம்பின் அளவையும் பாருங்கள். 200 கிலோஹெர்ட்ஸ் அலையில் வழக்கமான கூம்பு 20 டிகிரி. அப்படியானால் அது பார்க்கும் வட்டத்தின் அகலம் ஆழத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 30 மீட்டர் ஆழத்தில் 10 மீட்டர் வட்டம். மூன்று மீட்டர் தண்ணீரில் ஒரு மீட்டர். ஏரியில் கருவி போட நினைப்பவர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். பரிசலின் அகலம்கூட அதில் அடங்காது. 50 கிலோஹெர்ட்ஸ் ஆழமாகப் போகும், அகலமாகப் பார்க்கும், ஆனால் நுணுக்கம் குறையும். வாட்டு கூடினால் மீன் கூடும் என்பது கடைக்காரர் பேச்சு.

அப்படியானால் இதனால் என்னதான் பயன் என்றால், தரை. என் கணக்கில் இந்தக் கருவியின் உண்மையான வேலை அதுதான். கெட்டித் தரை பலமாக எதிரொலிக்கும். சில நேரம் ஒலி மேலும் கீழுமாக இருமுறை போய்வந்து அடியில் இரண்டாவது தரையையும் காட்டும். சேறு மங்கலாகத் தெரியும். ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்கிப் பாகக் கணக்கில் ஆழம் பார்த்த காலத்தில் தேடித் திரிந்த ‘பார்’ என்ற கடலடிப் பாறைத்திட்டை, இப்போது ஓடிக்கொண்டே கண்டுபிடிக்கலாம். கலவாவும் விளமீனும் பாரை ஒட்டித்தான் கிடக்கும். பாரில் மாட்டி வலை கிழியாமல் தப்புவதும் லாபக் கணக்கில் சேரும்.

பொருத்துவதில்தான் காசு வீணாவது அதிகம். “எங்க ஒட்டினாலும் வேலை செய்யும்” என்பார்கள். ஒலி அனுப்பும் டிரான்ஸ்டியூசருக்குக் காற்றுதான் எதிரி. புரொப்பல்லர் கிளப்பும் நுரைக்குள் அதை வைத்தால் படகு நிற்கும்போது நன்றாகக் காட்டும். ஓடத் தொடங்கியதும் திரை முழுக்கப் பொரி பொரியாகும். வெளிநாட்டுக் கையேடுகள் படகின் பின்பலகையில் மாட்டச் சொல்கின்றன. துறைமுகத்தில் கட்டி வைக்கும் படகுக்கு அது சரி. அலை உடையும் மணற்கரையில் டிராக்டர் வைத்து இழுத்தேற்றும் நம் ஃபைபர் படகில் அது எத்தனை நாள் தாங்கும்? இங்கே படகின் உள்ளேயே, அடித்தரையில், காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் எப்பாக்சி ஊற்றிப் பதிப்பதுதான் தோது. திடமான ஃபைபர் வழியாக ஒலி போகும். ஆனால் மரத்தின் வழியாகவோ நடுவில் ஃபோம் வைத்த இரட்டைச் சுவர் வழியாகவோ போகாது. ஒட்டும் முன் சோதிக்க எளிய வழி உண்டு. தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பைக்குள் டிரான்ஸ்டியூசரை வைத்து, பையைப் படகின் அடித்தரையோடு அழுத்திப் பிடித்து, கடலில் ஆழம் சரியாக வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். வந்தால் அங்கேயே ஒட்டலாம்.

மின்சாரத்துக்குத் தனி 12 வோல்ட் பேட்டரி, பாசிட்டிவ் கம்பியில் பொருத்தமான ஃபியூஸ். லாங்டெயில் எஞ்சினில் சார்ஜ் ஏற்றும் வசதி பெரும்பாலும் இருக்காது என்பதால் கரையில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். செல்ஃப் ஸ்டார்ட் உள்ள படகில் எஞ்சின் பேட்டரியிலேயே இதையும் கோத்தால், முடுக்கும்போது வோல்ட் இறங்கிக் கருவி அணைந்து எழும். உப்புக்காற்றில் பச்சை பூக்கும் இணைப்புகளுக்குக் கிரீஸ் தடவாமல் விட்டு, கடைசியில் கருவியைக் குறை சொல்வது ஊர் வழக்கம்.

“செயற்கைக்கோள் மேலிருந்து மீனைப் பார்த்துச் சொல்லுது” என்பதும் பரவலான நம்பிக்கை. ஹைதராபாதில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவைகளுக்கான தேசிய மையம், இன்காய்ஸ், மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடங்களை அறிவிக்கிறது. செயற்கைக்கோள் பார்ப்பது கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும், பாசியின் பச்சையத்தையும்தான். இரை திரளும் இடத்தில் மீன் வரக்கூடும் என்பது கணிப்பு. மேகம் மூடினால் கணிப்பும் கிடையாது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்திலும் கிடையாது.

அந்த அறிவிப்பில் வரும் அட்சரேகை, தீர்க்கரேகையை ஜிபிஎஸ் கருவியில் ஏற்றுவதில் ஒரு பொறி இருக்கிறது. 9 டிகிரி 30.50 நிமிடம் என்பதும் 9 டிகிரி 30 நிமிடம் 50 விநாடி என்பதும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். அட்சரேகையில் ஒரு நிமிடம் 1,852 மீட்டர். ஆக இரண்டுக்கும் இடையே 600 மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். சின்னப் பாரைத் தேடுகிறவருக்கு அது வேறு கடல்.

“ஜிபிஎஸ் இருக்கு, எல்லை தாண்ட மாட்டோம்.” 1974, 1976 ஒப்பந்தங்களில் இந்தியாவும் இலங்கையும் வகுத்த கடல் எல்லை, புள்ளிகளைச் சேர்த்துப் போட்ட கோடு. தண்ணீரில் அதற்கு அடையாளம் இல்லை. வரைபடத்தில் கோடு ஏற்றப்படாத கருவி எச்சரிக்காது. ஏற்றியிருந்தாலும் படகு நிற்காது. கோட்டுக்கு ஒரு கடல் மைல் முன்னால் இரவில் வலை விரித்து, எஞ்சினை அணைத்து மிதந்தால், மணிக்கு ஒரு கடல் மைல் நீரோட்டம் ஒரு மணி நேரத்தில் கோட்டில் கொண்டுபோய் விட்டுவிடும். எச்சரிக்கை மணியை அந்த இழுப்பையும் கணக்கில் வைத்து வெகு முன்னதாகவே அடிக்கும்படி வைக்க வேண்டும்.

பழைய அறிவு செத்துவிட்டது என்பதையும் நான் ஏற்பதில்லை. குமரிக் கரையில் ‘கணியம்’ என்பார்கள். கரையில் ஒரு மலைமுகட்டையும் ஒரு கோபுரத்தையும் நேர்கோட்டில் பிடித்து, வேறு திசையில் இன்னொரு ஜோடியைப் பிடித்து, இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் பார் இருக்கிறது என்று அறிவது. வேங்கிக்காலில் மலை எந்தப் பக்கம் தெரிகிறது என்பதை வைத்தே நாம் வழி சொல்கிறோமே, அதே புத்திதான். பேட்டரி தீர்ந்த படகைக் கரை சேர்க்க இது போதும். மூடுபனியிலும் கரை மறைந்த ஆழ்கடலிலும் போதாது.

கடைசி நம்பிக்கைதான் உயிரோடு சம்பந்தப்பட்டது: “ஜிபிஎஸ் வச்சிருந்தா நாம எங்க இருக்கோம்னு கரையில தெரியும்.” தெரியாது. ஜிபிஎஸ் கேட்கும், பேசாது. செயற்கைக்கோளின் குறிப்பை வாங்கித் தன் இடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. அதனால்தான் டவர் இல்லாத நடுக்கடலிலும் கைபேசி ஜிபிஎஸ் வேலை செய்கிறது. அதே காரணத்தால் கரைக்கு ஒன்றும் போகாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலைப் புரட்டியபோது, பல நாள் தங்கலுக்குப் போயிருந்த படகுகளில் ஜிபிஎஸ் இருந்தது. சில பத்து கிலோமீட்டரே எட்டும் விஹெச்எஃப் வானொலி வழியாக அந்தப் படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை.

2019 அக்டோபரில் வந்த ஜெமினி கருவி, ககன் செயற்கைக்கோள் வழியாகப் புயல் செய்தியைப் படகுக்குக் கொண்டுவருகிறது. அதுவும் ஒருவழிதான். ஆபத்தில் பொத்தானை அழுத்தினால் இடத்தைச் சொல்லும் இஸ்ரோவின் அபாய எச்சரிக்கைக் கருவி 2010 முதல் உண்டு. செய்தி போய்ச் சேர்ந்ததா என்று பதிலும் தரும் இரண்டாம் தலைமுறை 2024 ஜனவரியில் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று, 1 லட்சம் படகுகளில் இருவழி டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. எக்கோ வாங்கப் பணம் சேர்க்கும் படகுக்காரர், அதற்கு முன் மீன்வளத் துறை அலுவலகத்தில் தன் படகுக்கு இந்த டிரான்ஸ்பாண்டர் உண்டா என்று கேட்டுவிட்டு வரட்டும்.