தலையில் ஆப்பரேஷன் முடிந்து மலைக்குத் திரும்புகிறவர்களுக்கு

கொழும்புப் பெரியாஸ்பத்திரியிலோ கண்டியிலோ மூளைக் கட்டியை எடுத்து, வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டும்போது, "கவனமா நடங்க" என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். அங்கே தரை மட்டம். ராத்திரியிலும் லைட் எரியும். கை எட்டும் இடத்தில் கட்டில் கம்பி இருக்கும். நாம் வந்து இறங்குவது பசறையில். பஸ்ஸை விட்டு இறங்கினால் ஏற்றம், ஏற்றம் முடிந்தால் படி, படி முடிந்தால் லயத்து வாசல், கக்கூசுக்குப் போக மறுபடியும் இறக்கம். நமுனுகுலைப் பக்கமிருந்து மூடுபனி இறங்கிவிட்டால் பட்டப்பகலிலேயே பாதை மறைந்துபோகும்.

நான் இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவன். சிறுமூளை ஓரத்தில் வளர்ந்த கட்டியை எடுத்துப் பல வருஷமாகிறது. அதற்குப் பிறகு இதே நோயோடு ஊர் திரும்பியவர்கள் சிலருக்குப் பக்கத்தில் நின்று நடை பழக்கியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் டாக்டரோ பிசியோதெரபி மிஸ்ஸோ வேறு விதமாகச் சொன்னால் அதையே கேளுங்கள். அவர்கள் சொல்வதை நம் மலையில் எப்படிச் செய்வது என்பதுதான் எனக்குத் தெரிந்தது.

1. படுக்கையை நம்பாதீர்கள்

எழும்பினால் சுத்துகிறது, படுத்தால் நிற்கிறது. அப்படியானால் படுத்தே இருப்போம் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். வீட்டாரும், "தலை ஆப்பரேஷன் ஆச்சே, அசையாத" என்பார்கள். டாக்டர் எழும்பச் சொன்ன நாளிலிருந்து அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள்.

நாம் விழாமல் நிற்க மூளைக்கு மூன்று இடத்திலிருந்து சேதி போகிறது: கண், உள்காது, உள்ளங்காலும் மூட்டுகளும். மூன்றையும் ஒப்பிட்டுக் கணக்கை நேர் செய்வது சிறுமூளை. கட்டியோ கத்தியோ இதில் ஒன்றைக் கெடுத்திருந்தால், மிச்சமிருப்பதை வைத்து மூளை புதுக் கணக்கு எழுதியாக வேண்டும். நீங்கள் அசைந்து, கொஞ்சம் சுத்தினால்தான் பிழை எங்கே என்று அதற்குப் பிடிபடும். 1940களில் லண்டனில் கோதோர்ன் என்ற காது டாக்டரும் குக்ஸி என்ற உடலியக்க வைத்தியரும் இதைக் கவனித்தார்கள். தலைசுத்து நோயாளிகளில் சீக்கிரம் நடமாடியவர்களே சீக்கிரம் தேறினார்கள். கண், தலை, உடம்பு என்று படிப்படியாக அசைக்கும் பயிற்சிகளை அவர்கள் வகுத்தார்கள். இன்று கிளினிக்கில் சொல்லித் தருவது அந்த வழியில் வந்ததுதான்.

2. காலண்டரும் காம்பரா மூலையும் போதும்

பயிற்சிக்கு மெஷின் தேவையில்லை. சுவர்க் காலண்டரில் ஒரு தேதியைக் கண்ணால் பிடியுங்கள். அந்த எழுத்துக் கலங்காத வேகத்தில் தலையை இடமும் வலமும் திருப்புங்கள். பிறகு மேலும் கீழும். அரை நிமிஷம் செய்து நிறுத்துங்கள். ஆரம்பத்தில் கதிரையில் உட்கார்ந்துகொண்டும், பழகியபின் நின்றுகொண்டும் செய்யலாம். கழுத்துக்குப் பக்கத்தில் தையல் இருப்பவர்கள் எப்போது தொடங்கலாம் என்று முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

நிற்கப் பழக, காம்பராவின் மூலைதான் நல்ல இடம். முதுகுக்குப் பின்னால் இரண்டு சுவர், முன்னால் ஒரு கதிரை. சாய்ந்தாலும் விழ இடமில்லை. முதலில் கால்களை அகட்டி, பிறகு சேர்த்து, பிறகு ஒரு பாதத்துக்கு முன்னால் மறு பாதத்தை வைத்து நில்லுங்கள். கண்ணை மூடி நிற்பது கடைசிப் பாடம். அதற்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். தினமும் மூன்று தடவை கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். ஒருநாள் முழுக்கச் செய்துவிட்டு மூன்று நாள் படுப்பதில் பயனில்லை.

3. எது வழமையான சுத்து, எது ஆபத்து என்று பிரித்தறியுங்கள்

தலையைத் திருப்பும்போது வந்து, நின்றதும் சில நிமிஷத்தில் அடங்கும் சுத்துக்குப் பயப்பட வேண்டாம். விடியற்காலையில் தலைவலியோடு வாந்தி, எழுப்பினாலும் எழும்பாத தூக்கம், புதிதாகக் கண் மங்குதல் அல்லது இரண்டாகத் தெரிதல், வலிப்பு, காய்ச்சலோடு கழுத்து இறுகுதல், தையலிலிருந்தோ மூக்கிலிருந்தோ தெளிந்த நீர் ஒழுகுதல்: இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பூசாரியைத் தேடியும் போகாதீர்கள். மூளைக்குள் நீர் தேங்கியிருக்கலாம், கிருமி தொற்றியிருக்கலாம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். லயத்து வாசல் வரை வண்டி ஏறாது என்றால், எந்தச் சந்திக்கு வரவேண்டும், அதுவரை யார் தூக்கி வருவது என்பதை இன்றைக்கே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

4. இரண்டாகத் தெரிந்தால் ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்

ஒரு கண்ணை மூடியதும் இரண்டு ஒன்றானால், இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். கண்ணைத் திருப்பும் நரம்பு நோயாலோ ஆப்பரேஷனாலோ சோர்ந்திருக்கும். பல மாதம் கழித்துத் தானாகத் தேறவும் கூடும். அதுவரை கண் டாக்டர் ஒரு கண்ணை மறைக்கச் சொல்வார், அல்லது கண்ணாடியில் ஒட்டும் பட்டகம் தருவார். பெரியவர்கள் எந்தக் கண்ணை எவ்வளவு நேரம் மறைப்பது என்று அவரிடமே கேளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு நீங்களாக மறைக்கவே கூடாது. மறைத்த கண் பார்க்கப் பழகாமலே போய்விடும். பார்வை மாறிக்கொண்டிருக்கும் முதல் மாதங்களில் டவுனுக்குப் போய் அவசரப்பட்டுப் புதுக்கண்ணாடி வெட்டிக் காசைக் கரைக்காதீர்கள்.

ஒற்றைக் கண்ணால் பார்க்கும்போது தூரம் ஏமாற்றும். சாயத்தண்ணி ஊற்றும்போது கேத்தலின் மூக்கைக் கோப்பையின் விளிம்பில் முட்டவைத்து ஊற்றுங்கள். படியின் விளிம்பைக் காலால் தடவிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

5. ஒரு பக்கமே தெரியாவிட்டால் தலையைத் திருப்பப் பழகுங்கள்

"எனக்கு வலது கண்ணு போச்சு" என்று சொல்கிற பலருக்குப் போனது கண் இல்லை. ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். இரண்டிலும் வலது பக்கமே மறைந்திருந்தால், பழுது மூளையில் பார்வை போகும் வழியில். கண்ணாடி போட்டால் இது தீராது. பிட்யூட்டரிச் சுரப்பிக் கட்டியென்றால், இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கம் மங்கும்.

மறைந்த பக்கத்துக்குக் கண்ணையும் தலையையும் அடிக்கடி திருப்புவதைப் பழக்கமாக்குங்கள். வாசலைத் தாண்டுமுன் ஒரு தடவை, ரோட்டைக் கடக்குமுன் இரண்டு தடவை. துணைக்கு வருகிறவர் மறைந்த பக்கத்தில் நடக்கட்டும். சாப்பிடும்போது தட்டை ஒரு சுற்றுத் திருப்புங்கள், ஒதுங்கிக் கிடக்கும் கறி கண்ணில் படும். இடது பக்கம் மறைந்தவர்களுக்குப் பத்திரிகை வாசிக்கும்போது அடுத்த வரியின் தொடக்கம் தப்பும். இடது ஓரத்தில் சிவப்பு நாடாவை வைத்து, அது தெரியும்வரை கண்ணை இழுத்து வந்து வாசியுங்கள். வலது பக்கம் மறைந்தவர்கள் வரிக்குக் கீழே விரலை முன்னே ஓடவிட்டு அதன் பின்னால் வாசிக்கலாம்.

6. மூடாத கண்ணைப் புகையிலிருந்து காப்பாற்றுங்கள்

செவி நரம்புக் கட்டி எடுத்தவர்களில் சிலருக்கு முகம் ஒரு பக்கம் சரிந்து, அந்தப் பக்கக் கண் முழுதாக மூடாது. வலியில்லை என்று விட்டுவிடாதீர்கள். காய்ந்த கருவிழியில் புண் விழுந்தால் பார்வையே போகும். பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு, தூங்கும்போது இமையை மூடி ஒட்டும் பிளாஸ்டர். எப்படி ஒட்டுவது என்று நேர்சிடம் பார்த்துப் பழகுங்கள். விறகடுப்புப் புகையில் உட்காராதீர்கள். காற்றடிக்கும்போது கண்ணாடி போடுங்கள். கண் சிவந்தாலோ குத்தினாலோ அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும்.

முகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் பயந்தால் ஒன்று சொல்லுங்கள். அவர்கள் சினிமாவில் பார்க்கும் பச்சை மனிதன் ஹல்க் வேடக்காரர் மார்க் ரஃபலோவுக்கும் இதே கட்டி வந்தது. முகம் ஒரு பக்கம் விழுந்தது, இடக்காது கேட்காமல் போனது. முகம் தேறியபிறகுதான் அவர் ஹல்க் ஆனார்.

7. பீலியில் நின்று குளிக்காதீர்கள்

தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது கண்ணை மூடுவோம். குனிவோம். கால் பாசியில் நிற்கும். மூன்று சேதியும் ஒரே நேரத்தில் கெடும் இடம் அதுதான். முகம் கழுவக் கண்ணை மூடியதும் தள்ளாடும் நோயாளிகளை 1840களிலேயே பெர்லினில் ரொம்பேர்க் என்ற டாக்டர் எழுதிவைத்திருக்கிறார். கண்ணை மூடி நிற்கச் சொல்லி டாக்டர்மார் பார்க்கும் சோதனைக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். அதனால் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து குளியுங்கள். தலையைக் கடைசியாக, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நனையுங்கள்.

கக்கூசில் குந்தி எழும்பக் கைக்கெட்டும் உயரத்தில் உறுதியான மரக்கம்பு ஒன்றைச் சுவரோடு அடித்து வையுங்கள். கதவை உள்ளே தாழிடாதீர்கள். இரவில் தனியே இறங்காதீர்கள். டோர்ச்சும் வாளியும் கட்டிலடியில் இருக்கட்டும். எழும்பும்போது முதலில் உட்கார்ந்து, சுத்து அடங்கியபின் நில்லுங்கள்.

8. ஏறுவதைவிட இறங்குவதற்குப் பயப்படுங்கள்

ஏற்றத்தில் விழுந்தால் கை ஊன்றலாம். இறக்கத்தில் உருளுவோம். குறுக்குப் பாதையை மறந்து ரோட்டைச் சுற்றிப் போங்கள். நேரம் போனால் போகட்டும். படியில் ஒரு கால் பலவீனம் என்றால், ஏறும்போது நல்ல காலும் இறங்கும்போது பலவீனக் காலும் முதலில் போக வேண்டும். ஊன்றுகோல் நல்ல காலின் பக்கத்துக் கையில் இருக்கட்டும். கொழுந்துக்காரர்கள் வைத்திருக்கும் மட்டக்கம்பு ஊன்றுவதற்கு ஆகாது. மெல்லியது, முறியும். இடுப்பு உயரத்தில் கெட்டியான கம்பு வெட்டி, நுனியில் ரப்பர் மாட்டுங்கள். பாட்டாச் செருப்பு வேண்டாம், குதிகாலைப் பிடிக்கும் சப்பாத்துப் போடுங்கள். படி விளிம்புகளில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசச் சொல்லுங்கள். மூடுபனியில் கண்ணுக்கு நேர்க்கோடு கிடைக்காது, உடம்பு இன்னும் ஆடும். அப்போது நின்று, பனி விலகியபின் நடங்கள்.

9. மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்

ஸ்டெமெட்டில் போன்ற தலைசுத்து மாத்திரை முதல் நாட்களுக்குத்தான். மாதக்கணக்கில் போட்டால் மூளை புதிதாகப் பழகுவதே தாமதமாகும். டெக்ஸாமெதசோன் என்ற வீக்க மருந்தைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. படிப்படியாகத்தான் குறைப்பார்கள். அது சீனியைக் கூட்டும், தொடைச் சதையைக் கரைக்கும். தரையிலிருந்து எழும்ப முடியவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். வலிப்புக்குத் தரும் பினைட்டோயின் அளவு மிஞ்சினாலும் தள்ளாட்டமும் இரட்டைப் பார்வையும் வரும். கட்டி திரும்ப வந்துவிட்டது என்று அழுமுன் இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

10. "காலையிலேயே ஏத்திக்கிட்டான்" என்பார்கள்

கால் அகட்டித் தள்ளாடி, பேச்சும் குழறினால் நம் தோட்டத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கசிப்புக் குடித்தவன் என்பார்கள். வெட்கப்பட்டுக் காம்பராவுக்குள் ஒளிந்துவிடுகிறோம். பயிற்சி நின்றுபோகிறது. முந்திக்கொள்ளுங்கள். கோயில் கூட்டத்திலோ பெரட்டுக்களத்திலோ வீட்டார் ஒருவர் எழும்பி, "இவருக்குச் சிறுமூளையில ஆப்பரேஷன், நடை இப்படித்தான் கொஞ்ச நாளைக்கு இருக்கும், பார்த்தா கை கொடுங்க" என்று ஒருமுறை சொன்னால் போதும். கிளினிக் கொப்பியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பொலிஸ்காரர் நிறுத்தினாலும் அது பேசும். நிஜமாகவே குடிக்கிறவர் என்றால் நிறுத்துங்கள். சாராயம் அந்தச் சிறுமூளையையும் அடிக்கும்.

11. பதுளைக் கிளினிக்குக்குப் போகும் நாளைத் திட்டமிடுங்கள்

பசறை–பதுளை ரோட்டின் வளைவுகள் நல்ல தலையையே சுத்தவைக்கும். முன் சீட்டில் இருந்து தூரத்து ரோட்டைப் பாருங்கள். போனைப் பார்க்காதீர்கள். பஸ் முழுதாக நிற்காமல் மிதிபலகையில் கால் வைக்காதீர்கள். நடக்கும்போது எழுத்துத் துள்ளுகிறது என்றால், நின்று போர்ட்டை வாசியுங்கள். பஸ் ஸ்டாண்டில் நாலு பக்கமும் ஆள் அசைவதே மயக்கத்தைக் கிளப்பும். சுவரோரமாக நடங்கள். மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குக் கதிர்வீச்சுக்குப் போகிறவர்கள் அந்த வாரங்களில் அதிகம் களைப்பீர்கள். பயிற்சியைக் குறைக்கலாம், விடக்கூடாது. எந்த நாள் எத்தனை மணிக்கு என்ன செய்தது என்று கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். "சுத்துது" என்ற ஒரு சொல்லை வைத்து எந்த டாக்டராலும் வைத்தியம் செய்ய முடியாது.

12. வேலைக்குத் திரும்புமுன் கடிதத்தைச் சரியாக எழுதி வாங்குங்கள்

பழைய மலைக்கு உடனே போகாதீர்கள். கவ்வாத்துக் கத்தி, மருந்துத் தாங்கி, ஸ்டோரில் ஓடும் மெஷின், ஏணி ஆகியவற்றைத் தொடாதீர்கள். ஆட்டோ ஓட்டுகிறவர்கள் டாக்டர் அனுமதிக்கும்வரை ஹேண்டிலைப் பிடிக்கக் கூடாது. பார்வையில் ஒரு பக்கம் மறைந்திருந்தால், வலிப்பு வந்திருந்தால், அந்த அனுமதி வராமலும் போகலாம். வேலைக்கே போக முடியாதவர்கள் கிராம சேவகரின் கடிதத்தோடு பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரைப் பார்த்து, என்ன உதவி உண்டு என்று கேளுங்கள்.

போக முடிந்தவர்களுக்கு டாக்டர் "லேசான வேலை" என்று எழுதித் தருவார். தோட்டத்தில் அதற்கு ஆளுக்கொரு அர்த்தம். சரிவில் புல்லு வெட்டுவதும் சிலருக்கு லேசான வேலைதான். ஆகவே, "சரிவிலும் உயரத்திலும் ஓடும் மெஷினுக்குப் பக்கத்திலும் வேலை கூடாது, இத்தனை மாதத்துக்கு" என்று தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை ஒபிசில் கொடுத்து, மற்றதில் வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வாருங்கள்.